லெஸ்கோ வீட்டுக் கசகசா

பாலெட் லெஸ்கோ பொறாமையில் தன் புருஷனுக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் போதை மருந்தைக் கலந்து கொடுத்தாள், பிறகு தானே போனைப் போட்டுச் சொல்லி அவனைத் திரும்ப ஜெயிலுக்குள்ளே அனுப்பினாள். எங்கள் ஊரில் பேச்சு இப்படித்தான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்காகத் தீயணைப்பு நிலையத்து ஹாலில் வரிசையில் நின்று பாருங்கள், கதை ஆளுக்கு ஆள் கொஞ்சம் சதை போட்டுக்கொண்டு வரும். முன்னால் நிற்பவர் அது ஹெராயின் என்பார். பின்னால் நிற்பவர் எலி மருந்து என்பார். மீனைத் தட்டில் போடுகிற பெட்டி கோவல், எல்லாம் புருஷன் ரஸ்ஸுக்கும் அவனைக் கண்காணித்த பரோல் பொம்பளைக்கும் இருந்த தொடர்பால் வந்தது என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, அதே குரலில் உருளைக்கிழங்கு வேண்டுமா என்று கேட்பாள்.

நடந்தது வேறு. தட்டோடு வந்து இப்படி உட்காருங்கள். மீன் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

பாலெட்டுக்குப் பொறாமை என்பது பிறவியிலேயே வந்தது. சிலருக்கு ஆஸ்துமா இருப்பதில்லையா, அந்த மாதிரி. கல்யாணத்தன்று ரஸ் மணப்பெண் தோழி ஒருத்தியோடு இரண்டாம் தடவை ஆடினான் என்பதற்காக அந்தத் தோழியோடு இன்றுவரை பேச்சில்லை. வீட்டு நாயை அவன் தடவிக்கொடுத்தால், தட்டு கழுவுகிற சத்தம் கூடும். வண்டியில் வழி சொல்லும் கருவி ஒன்று வாங்கினார்கள். அதில் ஒரு பெண் குரல் "இடது பக்கம் திரும்பவும்" என்றது. ரஸ் மறுபேச்சில்லாமல் திரும்பினான். பெண்டாட்டி சொன்னால் பத்துத் தடவை ஏன் ஏன் என்று கேட்கிறவன். அன்று மாலையே பாலெட் அந்தக் கருவியை ஆண் குரலுக்கு மாற்றிவிட்டாள்.

ரஸ் அவ்வளவு பெரிய மன்மதன் ஒன்றும் அல்ல. ஆற்றோரத்து எஃகு ஆலையில் வேலை பார்த்தவன். பெரிய தலை, சின்னக் கண், பிட்ஸ்பர்க் அணி தோற்ற அன்று யாரோடும் பேசமாட்டான். ஆலையில் அவன் முதுகு போயிற்று. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதலில் முதுகுக்காகச் சாப்பிட்டான், பிறகு மாத்திரைக்காகச் சாப்பிட்டான், பிறகு தான் சாப்பிட்டது போக மிச்சத்தை விற்றான். வாங்கினவர்களில் ஒருத்தன் போலீஸ்காரன். நீதிபதி நாலிலிருந்து எட்டு வருஷம் என்றார். எங்கள் மாநிலத்துக் கணக்கு அது. சின்ன எண் முடிந்து, ஆள் ஒழுங்காகவும் இருந்தால் பரோலில் வீட்டுக்கு விடுவார்கள். பெரிய எண் முடிகிற வரைக்கும் கயிறு அவர்கள் கையில்.

அவன் உள்ளே இருந்த வருஷங்களில் பாலெட் பட்ட கஷ்டத்துக்கு அளவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பன்றித் தொடையைத் தாள் மாதிரி சீவிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. நின்று நின்று கால் நரம்பு சுருண்டது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மலை தாண்டி வண்டி ஓட்டிப் போய், சுவரோரத்து இயந்திரத்தில் காசு போட்டு எடுத்த சாண்ட்விச்சை அவனோடு பங்கிட்டுச் சாப்பிட்டு வந்தாள். ஆனால் ஒன்று, நாம் நமக்குள் பேசுகிறோம், அவள் வாழ்க்கையிலேயே நிம்மதியாகத் தூங்கினது அந்த வருஷங்களில்தான். சுற்றிலும் இரண்டாயிரம் ஆம்பளை. ரஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் மீசை.

பிறகு அவன் வீட்டுக்கு வந்தான். கூடவே ஏஜென்டும் வந்தாள்.

பரோல் ஏஜென்ட் கொலீன் ஹாலரனுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டின நரைமுடி, கனத்த பூட்ஸ், இடுப்பில் துப்பாக்கி, மேலே குண்டு துளைக்காத அங்கி. அந்த அங்கிக்குள் பெண் உருவம் ஒன்று இருப்பது வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. பாலெட் கண்ணுக்குத் தெரிந்தது. முதல் நாளே ஏஜென்ட் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஃபிரிஜ்ஜைத் திறந்து பீர் எல்லாம் வெளியே போகவேண்டும் என்றாள். நிலவறையில் இருந்த மான் வேட்டைத் துப்பாக்கி பாலெட்டின் அப்பாவுடையது. அதையும் அன்றே பாலெட்டின் தம்பி வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னாள். பிறகு படுக்கையறைக்குள் போய் அலமாரியைத் திறந்தாள், மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். பாலெட் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு பொம்பளை தன் மெத்தையைத் தூக்குகிறாள், தன் புருஷன் பக்கத்தில் நின்று, தலையணையையும் எடுக்கட்டுமா மேடம் என்று கேட்கிறான்.

கிளம்பும்போது ஏஜென்ட் சமையலறையில் நின்று, கசகசா கூடாது என்றாள். ரொட்டியிலோ பன்னிலோ பண்டிகைப் பலகாரத்திலோ எதிலும் கூடாது. சிறுநீர்ச் சோதனையில் அது அபின் சாப்பிட்ட மாதிரியே காட்டும். அப்புறம் வந்து கசகசாதான் சாப்பிட்டேன் என்று சொன்னால் கேட்கமாட்டேன், அந்தச் சாக்கு என்னிடம் செல்லாது என்றாள்.

ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களின் வீட்டுச் சமையலறையில் நின்று கசகசா கூடாது என்று சொல்லலாமா? பாலெட்டின் அலமாரியில் கசகசா அரைப்பதற்கென்றே ஒரு கை இயந்திரம் உண்டு. வேறு எதையும் அதில் அரைக்க விடமாட்டாள். ஏஜென்ட் போனதும் அந்த இயந்திரத்தை மேல் தட்டுக்கு ஏற்றினாள்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் பாலெட்டைக் கடையில் பார்த்தால் போதும், கேள்வி கேட்பார்கள். ரஸ் ஓட்டுப் போடலாமா? போடலாம், உள்ளேயிருந்து வெளியே வந்துவிட்டாலே போடலாம் என்று ஏஜென்ட் சொன்னாள். ஒஹாயோவில் அவன் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வருவானா? மாநில எல்லை தாண்ட ஏஜென்ட் கையெழுத்து வேண்டும். மான் வேட்டை சீசனுக்கு? துப்பாக்கியை இந்த ஜன்மத்தில் தொடக்கூடாதாம். பழைய நண்பன் டோனியோடு மீன் பிடிக்கப் போகலாமா? டோனியும் உள்ளே இருந்து வந்தவன்தானே, ஏஜென்டைக் கேட்கணும். வாடகை வீடு மாறலாமா, வேலை மாறலாமா, இரவு பத்துக்கு மேல் பிங்கோ ஆடுகிற ஹாலில் இருக்கலாமா? ஏஜென்டைக் கேட்கணும், ஏஜென்டைக் கேட்கணும்.

"அப்ப பொண்டாட்டி எதுக்கு?" என்று கேட்டவள் ஜோனி. ரஸ்ஸின் அக்கா. பன்றித் தொடை வாங்க வந்தாலும் வாயை வீட்டில் வைத்துவிட்டு வரமாட்டாள்.

பாலெட் அன்று அவளுக்குத் துண்டுகளைத் தடியாகவே சீவிக் கொடுத்தாள்.

அனுமதி கேட்பது கூடப் பெரிதில்லை. அவன் ஏஜென்டிடம் எல்லாம் சொல்வதுதான் பாலெட்டைச் சுட்டது. இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியும் எங்கே போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனவன் அல்ல ரஸ். வெளியே என்பான், அவ்வளவுதான். இப்போது போன் ஒருதரம் அடித்தால் எடுத்தான். எங்கே இருந்தேன், யாரோடு இருந்தேன், எப்போது வீடு திரும்பினேன் எல்லாவற்றையும் ஒப்பித்தான். பரோல் ஆபீஸுக்குப் போகிற செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு தடவை சவரம் செய்தான். ஒருநாள் ஏஜென்ட் வரவேற்பறையில் உட்கார்ந்து, தூக்கம் எப்படி வருகிறது ரஸ் என்று கேட்டாள். அவன் சொன்னான். உள்ளே இருந்தபோது கதவு அடைக்கிற சத்தம் இன்னும் காதில் கேட்கிறது என்று சொல்லி, மூக்கை உறிஞ்சினான். பாலெட் சமையலறையில் ஈரத் துணியோடு நின்றிருந்தாள். அவளிடம் அவன் சொன்னதெல்லாம் தலையணை சரியில்லை என்பது மட்டும்தான்.

முதல் கிறிஸ்துமஸுக்கு அவள் அடங்கிப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலைதான் எங்களுக்குப் பண்டிகை. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் மேஜையில் உட்காருவோம். வீட்டுக்காரி எல்லோர் நெற்றியிலும் தேனால் சிலுவை போடுவாள். அன்று இறைச்சி கிடையாது. காளான் சூப், பட்டாணி, மீன் எல்லாம் வரும், கடைசியில் பொபால்கி. கோலிக்குண்டு அளவு மாவு உருண்டைகளைச் சுட்டு, வெந்நீர் விட்டு மெதுவாக்கி, அரைத்த கசகசாவிலும் தேனிலும் புரட்டினால் அதுதான். மேஜையில் வைத்த ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவரும் ஒரு வாயாவது சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாமல் விட்டவர் அடுத்த வருஷம் அந்த மேஜையில் இருக்கமாட்டார் என்று நம்பிக்கை. சிரிக்காதீர்கள். சிரித்தவர்கள் சிலரை நாங்கள் புதைத்திருக்கிறோம்.

அந்த முதல் வருஷம் பாலெட் கசகசாவுக்குப் பதிலாக முட்டைக்கோஸ் ஊறுகாயை வதக்கிப் போட்டுப் பொபால்கி செய்தாள். அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான், குற்றமில்லை. ஆனால் ஜோனி ஒரு உருண்டையை வாயில் போட்டு, மெள்ள மென்று, "ஏஜென்டம்மா கைப்பக்குவம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். மேஜையே சிரித்தது. ரஸ்ஸும் சிரித்தான். அந்தச் சிரிப்பை பாலெட் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் வருஷம் டிசம்பரில் ஏஜென்ட் வழக்கம்போல் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டே, சந்தோஷமான செய்தி, வாழ்த்துக்கள் மிஸஸ் லெஸ்கோ என்றாள். எதற்கு என்று பாலெட்டுக்குப் புரியவில்லை. ரஸ்ஸுக்கு டயர் கடையில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டதாம். தண்டனை வாங்கின ஆள் என்று தெரிந்ததும் எத்தனை இடத்தில் மனுவைத் திருப்பித் தள்ளினார்கள்! அந்த வேலை கிடைக்கவேண்டுமென்று பாலெட் மெழுகுவர்த்தி ஏற்றாத நாள் கிடையாது. அது கிடைத்த செய்தி முந்தின நாள் மத்தியானமே ஏஜென்டுக்குத் தெரியும். ராத்திரி பக்கத்தில் படுத்த பெண்டாட்டிக்குத் தெரியாது.

"உனக்குச் சாயங்காலம் கேக் வாங்கிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்" என்றான் ரஸ், ஏஜென்ட் போன பிறகு. அது உண்மையாகவும் இருக்கலாம். கேக்கும் வந்தது. பாலெட் அதை நாய்க்கு வைத்தாள்.

மறுநாள் மேல் தட்டிலிருந்து இயந்திரம் இறங்கிற்று.

அவள் தெரியாமல் செய்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகத் தெரியும். கசகசாவை வாங்கினாள், இரண்டு தடவை அரைத்தாள், பாலில் வேகவிட்டாள். அரைக்கிற ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் குட்டை நரைமுடிதான் அவள் கண்ணுக்குள் இருந்தது. அவனைத் திரும்ப உள்ளே அனுப்பும் எண்ணம் அவளுக்குக் கடுகளவும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பொம்பளை வேண்டாம் என்று சொன்னதை, தான் வைத்தேன் என்பதற்காக அவன் சாப்பிடவேண்டும். எல்லோரும் பார்க்கச் சாப்பிடவேண்டும்.

அந்த மாலை ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியில் தேன் காய்ந்துகொண்டிருந்தது. பொபால்கி வந்தது. கறுத்து, பளபளவென்று, ஆவி பறக்க. ரஸ் பார்த்த பார்வையைச் சொல்லவேண்டுமானால், தண்டவாளத்தில் நிற்கிறவன் ரயிலைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஆனால் வாயில் எச்சில் ஊறவைக்கிற ரயில்.

"பாலெட்," என்றான் மெதுவாக, "எனக்கு முட்டைக்கோஸ்ல தனியா வெச்சிருக்கியா?"

"இல்ல."

"அவங்க சொன்னாங்களே..."

"இந்த மேஜைல யார் யாரு உக்காந்திருக்காங்கன்னு பாரு. அவ இருக்காளா?"

ஜோனி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டாள். ரஸ்ஸின் நிலையை நினைத்துப் பாருங்கள். சாப்பிட்டால் அடுத்த வருஷம் அவன் இந்த மேஜையில் இருக்கமாட்டான், ஏஜென்ட் பார்த்துக்கொள்வாள். சாப்பிடாவிட்டாலும் இருக்கமாட்டான், அதை வழக்கம் பார்த்துக்கொள்ளும். இதற்கு முன் உள்ளே இருந்த வருஷங்களில் அவனுக்கென்று ஒரு காலித் தட்டு அங்கே வைத்திருந்ததை எல்லோரும் சொல்லக் கேட்டிருந்தான்.

கரண்டியை எடுத்தான். ஒரு வாய் வழக்கத்துக்கு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ருசியை நாக்கில் வைத்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. கிண்ணம் காலியாயிற்று. இன்னொரு கிண்ணம் கேட்டான். பாலெட் தானே பரிமாறினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஒளி இருந்ததாக ஜோனியே பிற்பாடு சொன்னாள்.

பண்டிகை முடிந்த கையோடு பரோல் ஆபீஸிலிருந்து போன் வந்தது, வந்து சிறுநீர்ச் சோதனைக் கோப்பையை நிரப்பச் சொல்லி. ரஸ் போனான். சாயங்காலம் வீடு திரும்பவில்லை. இருட்டுகிற நேரத்துக்குப் போன் அடித்தது.

"மிஸஸ் லெஸ்கோ, ரஸ் எங்கிட்ட இருக்கார்" என்றது ஏஜென்டின் குரல்.

இத்தனை வருஷம் பயந்து பயந்து எதிர்பார்த்த வாக்கியம் அது. வந்தது என்னவோ வேறு அர்த்தத்தில். சோதனையில் அபின் வகை தெரிந்திருக்கிறது. பரோல் விதி மீறினவர்களை அடைத்து வைக்கும் மையத்துக்கு அவனை அனுப்புகிறார்கள். மேலே முடிவு வருகிற வரைக்கும் அங்கேதான். ஏற்கெனவே மாத்திரை விற்றவன், திரும்பவும் மாத்திரைக்குப் போயிருக்கிறான் என்றால் பெரிய எண் முடியும்வரை உள்ளே தள்ளுவார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, ஏதோ கடையில் கசகசா பன் வாங்கித் தின்றேன் என்றானாம். எந்தக் கடை என்றால் முழித்தானாம். ஒரு தடவை மளிகைக் கடை என்றான், ஒரு தடவை பெட்ரோல் பங்க் என்றான்.

போனை வைத்துவிட்டு பாலெட் சமையலறையில் உட்கார்ந்தாள்.  அப்புறம்தான் ஒன்று உறைத்தது. அவன் அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. பெண்டாட்டி வற்புறுத்தினாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏஜென்டிடம் தூக்கத்தைக் கூடச் சொல்கிறவன், இதைச் சொல்லவில்லை. இந்த உலகத்திலேயே அந்தப் பொம்பளைக்குத் தெரியாத ஒரு விஷயம், அவனுக்கும் தனக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம், கடைசியில் கிடைத்துவிட்டது. அதை நினைக்க நெஞ்சுக்குள் தித்திப்பாக இருந்தது. பாவிமகள், அந்த நிலைமையிலும் தித்தித்தது.

அந்தத் தித்திப்புதான் அவனை உள்ளே வைத்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். பொய் சொல்கிறவன் மாத்திரைக்காரன் என்றுதான் ஏஜென்ட் நினைப்பாள். தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் ரகசியம் தனக்கே சொந்தம், அவன் மட்டும் கம்பிக்குப் பின்னால். வாயைத் திறந்தால் அவன் வரலாம், ஆனால் அந்த ஒன்றையும் கொண்டுபோய் ஏஜென்ட் காலடியில் வைக்கவேண்டும்.

ஒரு நாள் முழுக்க இழுத்தடித்தாள். அதை அவள் மறைக்கவில்லை. மறுநாள் ஃபிரிஜ்ஜில் மிச்சமிருந்த பொபால்கியை மூடி போட்ட பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். வாசலில் இருந்த காவலர் அதை மோந்து பார்த்துவிட்டு, எனக்கில்லையா என்றார்.

ஏஜென்ட் அங்கியைக் கழற்றி நாற்காலியில் மாட்டியிருந்தாள். அது இல்லாமல் ஆள் ரொம்பச் சின்னதாக இருந்தாள்.

"பாத்திரத்துல என்ன, மிஸஸ் லெஸ்கோ?"

"பொபால்கி. அவன் கடைல பன்னு தின்னான்னு சொன்னது பொய். இதத்தான் தின்னான். ரெண்டு கிண்ணம்."

"கசகசாச் சாக்கு எங்கிட்ட செல்லாதுன்னு மொத நாளே சொன்னேன்."

"சொன்னீங்க. காது எனக்கு நல்லாவே கேக்கும். தெரிஞ்சேதான் சமைச்சேன். அவன் வேணாம்னான். நாந்தான் விடல."

"எதுக்கு?"

பாலெட் சுவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லை என்று ஆன பிறகு அவள் முகத்தையே பார்த்துச் சொன்னாள்.

"டயர் கடை வேலைய மொதல்ல உங்ககிட்டதான் சொன்னான்."

"வேலை மாறினா சொல்லணும். அது ரூல்."

"எனக்கும் ரூல் இருக்கு. உங்களுக்கு முன்னாடியே இருக்கு. அவன் உங்ககிட்ட அழுறான். எங்கிட்ட தலையணை சரியில்லங்கிறான்."

ஏஜென்ட் சிரிப்பாள் என்று பாலெட் எதிர்பார்த்தாள். சிரித்திருந்தால் பாத்திரம் பறந்திருக்கும், ஊரில் பேசுகிற கதையும் உண்மையாகியிருக்கும். அவள் சிரிக்கவில்லை. பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, மூடியை ஒரு விரல் அளவுக்குத் தூக்கி, மோந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"எங்களுக்கும் திடீர் திடீர்னு சோதனை வெப்பாங்க. பதினாலு வருஷமாச்சு இத வாயில வெச்சு. எங்கம்மாவும் ஸ்லோவாக்தான், சபோல் வீட்டுப் பொண்ணு. எலுமிச்சைத் தோலச் சீவிப் போடுவாங்க."

"எலுமிச்சையா?" என்றாள் பாலெட். புருஷன் உள்ளே இருப்பது ஒரு நொடி மறந்துபோயிற்று. "பொபால்கியிலயா?"

"ஆமா. நட்சத்திரம் வந்தப்ப நான் டப்பா மீனச் சூடு பண்ணி அடுப்பங்கரைல நின்னுக்கிட்டே தின்னேன். உங்க வீட்ல எத்தன பேரு?"

"ஒம்போது."

ஏஜென்ட் கொஞ்ச நேரம் பாத்திரத்தின் மூடியையே தடவிக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருஷத்துல ரஸ் எங்கிட்ட சொன்ன ஒரே பொய் இதுதான். அதுவும் உங்களுக்காக. எனக்காக ஒரு ஆளு இவ்ளோ மட்டமா ஒரு பொய் சொல்லியிருந்தான்னா, நான் இந்நேரம் வீட்ல இருந்திருப்பேன்."

 அந்தப் பொம்பளை கண்ணில் இருந்தது என்ன என்று பாலெட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடியில் தினம் பார்க்கிற சரக்கு அது. அது தன்னைப் பார்த்து மற்றவர்களுக்கு வரும் என்று மட்டும் அவள் நினைத்ததே இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதை நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டாள் என்று கேள்வி.

கதை அங்கேயே சுபமாக முடியவில்லை. மூத்திரத்தைப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மாத்திரையின் சுவடு இல்லை, கசகசாவாக இருக்கலாம் என்று வந்தது. ஆனாலும் விதி விதிதான், பொய்யும் பொய்தான். ஏஜென்டும் அவளுக்கு மேலே இருந்தவரும் பேசி, அவனை அந்த மையத்திலேயே சில வாரம் வைத்து, ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முன்னால் வீட்டுக்கு விட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே வரக்கூடாது, வாரம் ஒரு வகுப்புக்குப் போகவேண்டும் என்று புதுக் கட்டுப்பாடு. டயர் கடைக்காரர் நல்ல மனுஷன், இடத்தை வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்த ரஸ் சந்தோஷப்படுவான் என்று பாலெட் நினைத்திருந்தாள். அவன் நாயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தான்.

"நான் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல," என்றான். "நீ போயி அவங்ககிட்டயே சொல்லிட்ட."

"சொல்லலேன்னா எட்டு வருஷமும் உள்ளேதான் கெடந்திருப்ப."

"கெடந்திருப்பேன். இருந்தாலும்." நாயின் காதை நீவினான். "உள்ள படுத்துக்கிட்டு அத நெனச்சுக்கிட்டுத்தான் தூங்குனேன். கதவுச் சத்தம் கேக்கல."

பாலெட் அன்று தட்டு கழுவுகிற சத்தமே கேட்கவில்லை என்பார்கள் பக்கத்து வீட்டார்.

பிறகு பெரிய எண்ணும் முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஏஜென்ட் கையைக் குலுக்கி, இனி என்னிடம் வரவேண்டாம் ரஸ் என்றாள். துப்பாக்கி மட்டும் எப்போதும் கூடாது, மற்றபடி ஒஹாயோ போகலாம், டோனியோடு மீன் பிடிக்கலாம், பிங்கோ ஹாலில் விடியும்வரை உட்காரலாம். அவன் இன்னும் செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு தடவை சவரம் செய்கிறான். பழக்கம் என்கிறான். பாலெட் குளியலறைக் கதவோரமாக நின்று அந்தச் சத்தத்தைக் கேட்கிறாள்.

அந்த வருஷம் பொபால்கி பழையபடி கறுப்பாக, பளபளவென்று வந்தது. பாலெட் யாருக்கும் தெரியாமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் மட்டும் எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டு, அதை ரஸ்ஸுக்கு வைத்தாள். அவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இதில் என்ன போட்டாய், எப்போதையும்விட நன்றாக இருக்கிறதே என்றான். அதற்கப்புறம் லெஸ்கோ வீட்டில் எலுமிச்சை வாங்குவதே இல்லை.

போன வெள்ளிக்கிழமை இதே ஹாலில் பாலெட் வரிசையில் நின்றாள். மீன் போடுகிற பெட்டி கோவலுக்கு நாக்கு சும்மா இருக்குமா? ஊர் பேசுவதையெல்லாம், ஹெராயின், போன், கள்ளத் தொடர்பு எல்லாவற்றையும், ஏதோ மூன்றாம் மனுஷியைப் பற்றிக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டு, அதெல்லாம் நிஜமா பாலெட் என்றாள். பின்னால் வரிசை முழுக்க ஒரு அடி முன்னால் நகர்ந்தது. பாலெட் தட்டை நீட்டியபடியே சொன்னாள்:

"மருந்து ஒண்ணும் கலக்கல. போனும் பண்ணல. கசகசா போட்டேன், வேணும்னேதான் போட்டேன். அவளுக்கும் இவனுக்கும் ஒண்ணும் கெடையாது. இருந்திருந்தா நான் கசகசாவோட நிறுத்தியிருப்பேனா? அந்தப் பெரிய துண்டு மீன வை, பெட்டி."